ஒரே ஒரு கோப்பை

இன்று காலை என் மாணவி ஒருத்தி பந்திங் பக்கம் தனியாக வாழும் முதியவர்களைக் கள ஆய்வு செய்த படிவங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே இருந்ததில் 'குடும்ப ஆதரவு உண்டு' என்ற கட்டத்தில் அழகாக ஒரு சரி அடையாளம். "அங்கிள் நல்லா இருக்காரு மேடம். மகன் வாரா வாரம் வராராம்" என்றாள். அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சமூக முதுமையியலில் முதுகலை படிக்கச் சேர்ந்தபோது, வகுப்பில் தமிழர்கள் என்று நானும் நீயும்தான், தோழி. கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலைக்கு மாஸ்டர்ஸ் எதற்கு என்று என் மாமா கேட்டதைச் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பட்டம் வாங்கினால் வேலை கிடைக்குமா என்று நம் இருவருக்குமே தெரியாது.

நாம் கள ஆய்வுக்குப் போன ஓர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில், எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்துபோன பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். நாம் போனதும் பாலில்லாத கோப்பி ஓ கலக்கினார். எனாமல் கோப்பையில் எனக்குக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, அதையே கழுவி உனக்குக் கொடுத்தார். யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "மகன் கிள்ளான்ல இருக்கான்மா. ஞாயித்துக்கெழமை ஆனா வந்துருவான்" என்றார். 'குடும்ப ஆதரவு உண்டு' கட்டத்தில் நான் சரி போட்டேன். ஆதரவு இல்லாதவர்களின் பெயர்கள் மட்டும்தான் ஒரு தொண்டுக் குழுவுக்குப் போகும். அவர்கள்தான் வாரம் ஒருமுறை ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "வீட்டுல ஒரே ஒரு கோப்பைதான் இருக்கு. மகன் வந்தா எதுல குடிப்பான்? யாரோ ரெண்டு பொண்ணுங்ககிட்ட பெத்த பிள்ளைய விட்டுக்கொடுக்க மனசு வரல அவருக்கு."

"படிவத்துல கோப்பைக்குக் கட்டம் இல்லலா" என்றேன். மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனபோது வீடு காலியாக இருந்தது. பெரியவர் செத்து மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்களாம். மகன் வந்து நாலு வருஷம் ஆகிறது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குழாயடியில் கிடந்த அந்தக் கோப்பையை நீ எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். என்னைத் திட்டியிருக்கலாம் நீ.

பட்டம் வாங்கியதும் நான் விரிவுரையாளர் ஆனேன். நீ கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்து, அவர்களைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாய். உனக்குப் புற்று என்று தெரிந்த பிறகு நான் போன் செய்தபோதெல்லாம் ஒரே பதில்தான். "தம்பி டெய்லி வந்து பாக்குறான். நீ கிளாஸைப் பாரு." ஒருமுறை உன் வீட்டுக்கு வந்தேன். நீ வெளியே போக உடுத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாய். இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டோம். எனக்கும் அது வசதியாக இருந்தது.

உன் காரியங்கள் முடிந்த அன்று, தொலைவில் ஜோகூரிலிருந்து வந்திருந்த உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்குறீங்கன்னு அக்கா சொல்லுச்சு" என்றார். நான் எழுந்து உன் அடுப்படிக்குள் போனேன். பாத்திரத் தட்டில் அந்த எனாமல் கோப்பை மட்டும் கவிழ்ந்திருந்தது.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. நாளை படிவத்தில் சரி போட்டிருந்த அந்த அங்கிள் வீட்டுக்கு மாணவியோடு நானும் போகிறேன். முதலில் அடுப்படியைப் பார்ப்பேன். நீ உயிரோடு இருந்தவரை உன் அடுப்படியை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.