ஆறிப்போன செம்பு

போன வாரம் காலேஜுக்குச் சீமையிலிருந்து, வகுப்பில் மாட்டுகிற அச்சடித்த படங்கள் வந்து சேர்ந்தன. யுத்தம் முடிந்த பிறகுதான் கப்பலில் இடம் கிடைத்தது என்று கம்பெனிக்காரன் கடிதம் எழுதியிருந்தான். வழவழப்பான காகிதம், மேலும் கீழும் கறுப்புக் குச்சி, பிசிறில்லாத கோடுகள். பியூன் ஏணியில் ஏறி உன்னுடைய ஐந்து படங்களையும் இறக்கிச் சுருட்டிக்கொண்டே, "பழசையெல்லாம் தூக்கிப் போட்டுறவா சார்?" என்று கேட்டான். வேண்டாம் என்று வாங்கி மேஜையில் விரித்தேன். பத்து வருஷத்துத் தூசிக்கு அடியிலிருந்து ஆளிவிதை எண்ணெய் வாசனை வந்தது. உன் சட்டையிலும், சைக்கிள் சீட்டிலும், நீ குடித்துவிட்டு வைக்கிற காபி டம்ளரிலும் இருந்த அதே வாசனை.

ஐந்தாவது படத்தின் கீழ் மூலையில் அந்த வெற்று வட்டம் அப்படியே இருந்தது. பக்கத்தில் உன் பென்சில் எழுத்து: "உசிரோட பாத்த பெறகு." நீ கடைசிவரை பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான். இதை உன்னிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. அதையும் நீ திருப்பிக் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகுதான் சொல்கிறேன். என் தைரியம் எப்போதும் இந்த அளவுதான்.

மேலமாசி வீதியில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த உன்னை நான்தான் காலேஜுக்கு அழைத்து வந்தேன். நான் அங்கே உயிரியல் டெமான்ஸ்ட்ரேட்டர். கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர்களைப் பெரிதாக வரைந்து வகுப்பில் மாட்ட வேண்டும், சீமைப் படங்கள் வாங்க வசதியில்லை. புத்தகத்தைக் கொடுத்து, பார்த்து எழுதிவிடு என்றேன். நீ இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தாய். "இதப் பாத்து வரைய நான் எதுக்குண்ணே? அசலக் காட்டுங்க" என்றாய். அப்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. போர்டு எழுதுகிறவனுக்கு அசல் என்ன, நகல் என்ன என்று நினைத்தேன்.

குளத்துத் தண்ணீரில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டு நாலைந்து நாள் மூடி வைத்தால் பாரமீசியம் பெருகிவிடும். அதில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து உன்னைக் குனியச் சொன்னேன். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தாய். பிறகு குனிந்தபடியே, "அண்ணே, செருப்பு நீந்துதுண்ணே!" என்று கத்தினாய். பக்கத்து அறையிலிருந்து புரொபசர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குப் பிடித்தது உனக்குப் பைத்தியம். பரவையிலிருந்து காலையில் சைக்கிளில் வரும்போது ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பாட்டில்கள் தொங்கும். ஒன்றில் உங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீர், ஒன்றில் வைகை மணலில் தோண்டிய ஊற்று, இன்னொன்றில் தெப்பக்குளத்துப் பச்சைத் தண்ணீர். நான் படித்துப் பட்டம் வாங்கியவன். நீ எட்டாவதோடு நின்றவன். ஆனால் ஒரே சொட்டில் நான் ஐந்து உயிரைப் பார்த்தால் நீ ஒன்பதைப் பார்ப்பாய். பச்சையாக நீந்திவரும் யூக்ளினாவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்து அதற்கு ஒத்தக்கண்ணன் என்று பேர் வைத்தாய். காம்பில் மணி போல நின்று, தட்டினால் சுருண்டுகொள்ளும் வோர்ட்டிசெல்லாவுக்குத் தொட்டாச்சிணுங்கி. டயாட்டத்துக்கு மூடி போட்ட கண்ணாடி டப்பா. வாய்மொழிப் பரீட்சையில் ஒரு மாணவன் புரொபசரிடமே "ஒத்தக்கண்ணன் சார்" என்று சொல்லிவிட்டான். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

நீ கேட்கிற கேள்விகளும் புத்தகத்தில் இருக்காது. இதெல்லாம் எதற்கு இருக்கிறது என்று கேட்டாய். கண்மாய் மீன் குஞ்சு தின்பது இவற்றைத்தான், நாம் மூச்சில் இழுக்கிற காற்றில் ஒரு பங்கை உண்டாக்குவதும் இந்தப் பச்சைக் கும்பல்தான் என்றேன். பிறகு மலேரியாக்காரன் ரத்தம் பூசிய கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் போல அது உட்கார்ந்திருந்தது. மேலூரில் கட்டிக்கொடுத்த உன் தங்கச்சி குளிர் ஜுரத்தில் கிடந்து, கொயினா மருந்து தின்று காதடைத்துப் போய், உடம்பு தேறி வந்திருந்த சமயம் அது. நீ வெகுநேரம் அந்த மோதிரத்தையே பார்த்தாய். "இம்புட்டு அழகா இருந்துக்கிட்டா அவளப் போட்டு அந்த ஆட்டு ஆட்டுச்சு? எது நல்லது எது கெட்டதுன்னு மூஞ்சியப் பாத்துத் தெரியாதாண்ணே?" என்றாய். தெரியாது, அருகில் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெரிய மனுஷன் போலப் பதில் சொன்னேன். அத்தோடு விடவில்லை. வகுப்பில் வருஷா வருஷம் சொல்லுகிற வசனத்தையும் எடுத்துவிட்டேன்: "கண்ணாடிக்குக் கீழே அருவருப்பு என்று ஒன்று கிடையாது." உனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கடைத்தெருவில் யார் எதற்கு மூக்கைச் சுளித்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பாயாம்.

ஐந்தாவது படம் சீதபேதி அமீபா. செத்த அமீபாவுக்குச் சாயம் ஏற்றி ஒட்டிய பழைய கண்ணாடித் துண்டு ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதைப் பார்த்து நீ முழுப் படத்தையும் எழுதினாய், கடைசி வட்டத்தைத் தவிர. உயிரோடு இருக்கும்போது அது விரல் நீட்டுவது போல உடம்பை நீட்டி, அதற்குள் தானே வழிந்து நகரும் என்று நான் சொல்லியிருந்தேன். "செத்தத வரைஞ்சா ஆணியடிச்ச மாதிரில்ல இருக்கும். உசிரோட ஒண்ணு காட்டுங்க. அதுவரைக்கும் இது சும்மா கெடக்கட்டும்" என்றாய். அது சுலபமில்லை, நோயாளியின் மலத்தைச் சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும், ஆறிவிட்டால் அது சுருண்டு நின்றுவிடும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நீ கீழே போடுகிறவன் இல்லை.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் உனக்கே வயிறு கடுத்தது. ரத்தமும் சீதமுமாகப் போகிறது என்றாய். டாக்டர், சீதபேதியில் இரண்டு வகை உண்டு, அமீபா இருக்கிறதா என்று உங்கள் காலேஜ்காரரையே பார்க்கச் சொல்லி எழுதி வாங்கி வா, இருந்தால் எமட்டின் ஊசி போடலாம் என்று சொல்லியனுப்பினார். மறுநாள் நீ வந்தாய். அன்றைக்கு என் அப்பாவுக்குத் திதி.

பிராக்டிகலுக்கு வேண்டிய சாமான்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று குளித்து, யார்மேலும் எதன்மேலும் படக்கூடாத மடி வேட்டியோடு காலேஜுக்கு வந்திருந்தேன். வீட்டில் சாஸ்திரிகள் வருகிற நேரம். நீ பின்பக்க வராந்தாவில் வந்து நின்றாய். முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கையில் ஒரு பித்தளைச் செம்பு, வாயில் வாழையிலை வைத்துத் துணி கட்டியிருந்தது. உள்ளே வெந்நீர். வெந்நீருக்குள் இறுக்கி மூடிய பல்பொடி டப்பா. ஆறு மைல். நடுவில் இரண்டு இடத்தில் சைக்கிளை நிறுத்திக் காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்திருக்கிறாய். அந்த நிலைமையிலும் உனக்குச் சிரிப்பு.

"உசிரோட கேட்டேன்ல, நானே கொண்டாந்துட்டேன். வழியில டீக்கடையில வெந்நி வாங்கி மாத்தி ஊத்துனேண்ணே. சூடு அப்படியே இருக்கு, தொட்டுப் பாருங்க."

நான் தொடவில்லை. ஓர் அடி பின்னால் போனேன். வேட்டி நுனியைக்கூட ஒதுக்கிக்கொண்டேன். அதை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் செம்பை நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாய்.

"ஜன்னல்ல வச்சுட்டுப் போய்ப் படு. நான் இப்பப் பாத்து எழுதி வைக்கிறேன்" என்றேன்.

"நானும் ஒருவாட்டி பாத்துட்டுப் போறேண்ணே. அந்த வட்டம் கெடக்குல்ல?"

"நாளைக்கு வா."

பத்து நிமிஷ வேலை. பார்க்கிற வெளிச்சத்துக்கு வெயில் நன்றாக இருந்தது, மைக்ராஸ்கோப் மேஜைமேல் தயாராக இருந்தது. திதி முடிந்து வந்து பார்க்கக்கூட நேரம் இருந்தது. எத்தனை மணிக்கு வந்தாலும் செம்பில் வெந்நீரை மாற்றச் சொல்லி ஆள் வைத்திருக்கலாம். நான் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிண்டம் வைத்தேன், சாப்பிட்டேன், படுத்துத் தூங்கினேன். மடியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். மடி இல்லாத நாளாக இருந்திருந்தால் வேறு எதையாவது தேடிப் பிடித்திருப்பேன். எனக்குக் கூசியது, அவ்வளவுதான். கண்ணாடிக்குக் கீழே இல்லாத அருவருப்பு கண்ணாடிக்கு வெளியே என் உடம்பு முழுக்க இருந்தது.

மறுநாள் காலையில் செம்பு சில்லென்று ஆகியிருந்தது. தோட்டியைக் கூப்பிட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லி, குச்சியால் துளி எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. உருண்டை உருண்டையாக என்னென்னவோ கிடந்தன. எது அமீபா, எது செத்த அணு என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால் நேற்றைக்குப் பார்க்கவில்லை என்பது உனக்குத் தெரிந்துவிடும். நீ வந்து, "என்னண்ணே?" என்றதும், "நேத்தே பாத்துட்டேன். அது இல்ல" என்றேன். காலேஜ் காகிதத்தில், அமீபா காணப்படவில்லை என்று இங்கிலீஷில் எழுதி, பேருக்குக் கீழே பட்டத்தையும் போட்டுக் கொடுத்தேன். உன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. நோய் இல்லை என்றதில் சந்தோஷப்படாமல், அந்த வட்டம் நிரம்பவில்லையே என்று வருத்தப்பட்டவன் நீ ஒருவன்தான்.

டாக்டர் என் காகிதத்தை நம்பினார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. மிக்ஸ்சர் கொடுத்தார், கடுப்பு நின்றது போல இருந்தது. நாலைந்து மாதம் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலி, மாலையானால் ஜுரம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஈரலில் சீழ் கட்டி முற்றிப் போயிருந்தது. ஊசியைக் குத்தி எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை வெளியே அழைத்து, "இது அமீபா வேலைதான். குடலில் இருந்தபோதே ஊசி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. உங்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனது?" என்று கேட்டார். உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன்.

உள்ளே வந்தேன். அவர் கேட்டது உன் காதில் விழுந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே. அன்னிக்கு ஒங்களுக்குச் சரியாத் தெரியல. இம்புட்டூண்டு பயல எங்கிட்டுப் போய்த் தேடுறது? மூக்குக் கண்ணாடிய மாத்துங்க, பவரு கூடியிருக்கும்" என்றாய். நான் செய்யாத தப்பை நீயே கண்டுபிடித்து அதை மன்னித்தும் விட்டாய். நானும் தலையை ஆட்டினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அடுத்த வாரம் நான் போய் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டேன் என்பதைச் சொன்னால் நம்புவாயா? பவர் கூடவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மாணவர்கள், ஐந்தாவது படத்தில் ஒரு வட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள். "வரைந்தவர் முடிக்காமல் விட்டுவிட்டார்" என்றேன். பத்து வருஷமும் அந்தப் பழியை உன் தலையில் போட்டிருக்கிறேன்.

படங்களை இறக்கிய அன்று பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். உன் செம்பு அங்கேதான் இருந்தது. கறுத்துப் போயிருந்தது. அன்றைக்கு நீ மறந்து விட்டுப் போனது, திருப்பிக் கொடுக்கப் போனால் உன் வீட்டுக்காரி ஏதாவது கேட்பாளே என்று ஒளித்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதையும் ஐந்தாவது படத்தையும் எடுத்துக்கொண்டு பரவைக்குப் போனேன். உன் வீட்டு வாசலில் நல்ல வெயில். என்னைப் பார்த்ததும் அவள் பாயை விரித்தாள். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திதியை, வேட்டி நுனியை, "நேத்தே பாத்துட்டேன்" என்றதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா குடுத்த செம்பு. எங்கிட்டோ தொலச்சுட்டாருன்னு அன்னிக்கு அவரத்தான் வஞ்சேன்" என்றாள்.

எழுந்து பின்பக்கம் போனாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது செம்பு பளபளவென்று இருந்தது. நிறையத் தண்ணீர்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க" என்று நீட்டினாள்.

என் கை உடனே போகவில்லை. ஒரு நொடி. அவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும், அத்தனை வருஷம் வெட்கப்பட்ட பிறகும், ஒரு நொடி நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நல்லா வெளக்கித்தான் கொண்டாந்தேன்" என்றாள், தணிந்த குரலில்.

இரண்டு கையாலும் வாங்கி, உதடு படாமல் தூக்கிக் குடிக்கிற என் வழக்கத்தை விட்டு, வாய் வைத்துக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன். படத்தை அவளிடம் கொடுத்தேன். வட்டத்தின் பக்கத்தில் நீ எழுதியதை அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, நான்தான் படித்துக் காட்டினேன். அவள் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

செம்பும் படமும் இப்போது உன் வீட்டில் இருக்கின்றன. என்னிடம் மிச்சம் இருப்பது, நீட்டப்பட்ட செம்புக்கு முன்னால் இரண்டு தடவை தயங்கிய இந்தக் கை. இதே கையால்தான் உனக்கு எழுதுகிறேன்.