கடைசித் தட்டு

28 செப்டம்பர் 1978, வியாழன்
கல்கத்தா, பெஹாலா வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: இன்று காலை என் இடது செருப்பு நம்மை விட்டுப் பிரிந்தது. வெள்ளத்தில் மிதந்து, டிராம் தண்டவாளத்தைப் பிடித்து, டிக்கெட் இல்லாமலே டவுனுக்குப் போய்விட்டது. வலது செருப்பு யாரையும் பார்க்க மறுக்கிறது. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். அதற்கு யாரும் அழவில்லை.

30 செப்டம்பர்
தெருக்கோடி சர்ச் கூடத்தில் குடிசை முழுகிப்போனவர்கள் தங்கியிருக்கிறார்கள். அம்மா ஓர் அடுக்கு நிறையத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள். நான் வைத்த பெயர் தைரியசாதம். ராஜநடை நடந்து கொண்டுபோனேன். ஒரு மாஷிமா, அதாவது வங்காளிப் பெரியம்மா, முகர்ந்து பார்த்துவிட்டு, "புளிச்சுப் போச்சே பாபா, ஊசினதையா எங்களுக்குத் தர்றே?" என்று வங்காளியில் ஒரு கத்து. கூடமே தட்டை இழுத்துக்கொண்டது. தயிர் என்றால் இனிக்கவேண்டிய ஊரில் கடுகு தாளித்தால் யார் நம்புவார்கள்?

அங்கே சமைக்கிற இராஜமாணிக்கம் அண்ணன் (திருநெல்வேலிக்காரர், ஹவுரா ரயில்வே பட்டறையில் வேலை) சிரித்தார். "ஏலே, நீ கொண்டாந்தது சோறாலே, சண்டையாலே?" பச்சை வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டார். "பாந்தா பாத் மாதிரிதான், தின்னுங்க." பாந்தா பாத் அவர்கள் வீட்டுப் பழைய சோறு. அடுக்கு காலி!

வெங்காயமே நுழையாத எங்கள் வீட்டு அடுக்கில் வெங்காயம். அப்பாவுக்குத் தெரிந்தால் அடுக்கோடு என்னையும் புளி போட்டுத் தேய்ப்பார்.

3 அக்டோபர்
தினமும் போகிறேன். பரிமாறுவதில் என்னை அடிக்க ஆளில்லை. அங்கே ஒரு வழக்கம்: கடைசித் தட்டில் சோறு விழும்வரை யாரும் கை வைப்பதில்லை. பிறகு அண்ணன் கண்ணை மூடி, இந்த வேளைச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்வார்.

"யாருக்குண்ணா காத்துண்டிருக்கேள்?"

"இயேசுவும் பந்தியில இருக்காருல்லா."

"எந்த வரிசை? ரெண்டு கரண்டி கூடப் போடறேன்."

"கடைசித் தட்டுக்காரன் பக்கத்துலலே. போய்ப் போடு."

சொன்னபடியே போய்ப் போட்டேன்! இதை யாரும் நம்பமாட்டார்கள்.

7 அக்டோபர்
கிச்சடி தீர்ந்தபின் ஒரு ரிக்‌ஷாக்காரர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். நான் கையை விரிக்கப் போனேன். அதற்குள் மாஷிமா தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காலித் தட்டில் வைத்தாள். அடுத்தவர் ஒரு பிடி. அதற்கடுத்தவர். நானும். கடைசியில் கூடத்திலேயே நிறைந்த தட்டு அவருடையதுதான்.

அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன். யாருக்கு அந்த இடம் என்று எழுதமாட்டேன்.

8 அக்டோபர்
சர்ச்சின் கடைசி பெஞ்சு. யாருமில்லை. "நேத்து அங்க உக்காந்திருந்தது நீங்கதானே?" என்று கேட்டேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

14 அக்டோபர்
சரித்திரம் படைத்தேன்! சாப்பாட்டு வேளையில், சிங்கம்போல நிமிர்ந்து, "நான் இயேசுவை நம்பறேன்" என்று அப்பாவிடமே சொல்லிவிட்டேன். பாங்க் ஆபீசர் அப்பாவே ஆடிப்போனார்! என் குரலில் நடுக்கமா? ஊஹூம்.

15 அக்டோபர், ஞாயிறு
சரி. நேற்றைய சிங்கம் பொய்.

அப்பாவுக்கும் எனக்கும் பரிமாறிவிட்டு அம்மா கரண்டியோடு நின்றாள், எப்போதும்போல. என் கை சாதத்துக்குப் போகவே மாட்டேன் என்றது.

"என்னடா, பசிக்கலையா?"

"அம்மா தட்டு வரலையேப்பா."

"அவ அப்பறம் சாப்பிடுவா. இன்னிக்கு என்ன புதுசா?"

"கடைசித் தட்டு வரணும்ப்பா..."

அவ்வளவுதான், சிங்கம் பூனையாகி, பூனை அழ ஆரம்பித்துவிட்டது. சர்ச், மாஷிமா, இயேசு எல்லாம் மூக்கு உறிஞ்சலுக்கு நடுவே எப்படியோ வெளியே வந்தன. அப்பா கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"வெங்காயமும் சாப்பிட்டியா?"

"ம்."

பக்கத்து மணையை இழுத்துப் போட்டார். என்னைப் பார்க்காமலே, "காமு, நீயும் உக்காரு. இவன் சாதம் ஆறிண்டிருக்கு" என்றார்.

அம்மாவுக்கு நான் பரிமாறினேன். பாதி ரசம் தரையில். மூன்றாம் தேதி 'என்னை அடிக்க ஆளில்லை' என்று எழுதியிருந்தேனே, அதை அடித்துவிட்டேன்.