பக்கத்து வீட்டுப் பீப்பாய்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். டெங்குக் காய்ச்சல் மாறி மூன்று வாரம் கழித்து மகள் மலர் இன்று பள்ளிக்கூடம் போனாள். டொக்டர் சொன்னது இன்னும் காதில்: "ரெண்டாவது தடவ வந்தா மோசமாகும். கடிக்க விடாதீங்க."
தயிர்ச்சட்டி, சிரட்டை எல்லாம் கவிழ்த்தாச்சு. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் மும்மூன்று கப்பி மீன் கொடுத்தேன், கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா மட்டும் முகம் சுளித்தாள். "குளிக்கிற தண்ணியில மீனா?" வாங்கிக்கொண்டாள். பீப்பாயில் விட்டாளா?
மலர் வார்டில் கிடந்தபோது மாரியம்மனுக்குச் சாமி படத்தருகே வைத்த கும்பத்துக்குப் பூ போட்டேன். ஆடித் தேர் வரை அசைக்க மாட்டேன் என்று வேண்டுதல்.

ஜூன் 10, செவ்வாய்
வெயில். சாமி படத்தருகே படித்துக்கொண்டிருந்த மலரின் காலில் கொசு. கறுப்பு, வெள்ளைக் கோடு. அதே சனியன். எங்கிருந்து?
செ. அக்கா பீப்பாயைச் சாக்கால் மூடியிருக்கிறாள். அப்படி என்ன மறைக்க?

ஜூன் 11, புதன்
அவள் கடைக்குப் போன நேரம் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். மீன் மூன்றும் கொழுத்துத் திரிகின்றன. புழு ஒன்றுகூட இல்லை. பின்னால் குரல்.
"என்னா புள்ள, எம் பீப்பாயில போலீஸ் வேல?"
"மீனு இருக்கான்னு பாத்தேங்க்கா."
"காக்கா கொத்தாம இருக்கத்தான் சாக்கு."
மானம் போச்சு. ஆனாலும் அவள் மேல் நம்பிக்கை வரவில்லை.

ஜூன் 12, வியாழன்
சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்தார். புகை அடிக்கச் சொன்னேன்.
"புகையில பறக்கிறது மட்டும்தான் சாகும், மிஸ். முட்டை எங்கயோ இருக்கு. இது தூரம் பறக்காது. வீட்டுக்குள்ள பாருங்க."
என் வீட்டிலா! செ. அக்கா போட்டுக்கொடுத்திருப்பாள். ஃப்ரிட்ஜ் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு வரை பார்த்தார், காய்ந்து கிடந்தது. சாமி படத்தருகே வந்தவர், காலில் சப்பாத்தோடு கிட்டப் போகக் கூடாதென்று நின்றுவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி
மழை. பூ மாற்றும்போது கும்பத்து மாவிலைக்குள்ளிருந்து கொசு ஒன்று எழுந்தது. தேங்காயைத் தூக்கினேன். தண்ணீர் முழுக்க நெளிகிற புழு.
என் பிள்ளைக்காக வைத்த கும்பம். கொட்டவும் முடியாது, வேண்டுதல்.
செ. அக்காவிடம் போய் எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் பீப்பாயிலிருந்து இரண்டு மீனை அகப்பையில் அள்ளி வந்தாள்.
"கும்பம் அசையாதுல்ல. விடு."
விட்டேன். மீன்கள் உடனே தின்னத் தொடங்கின.
மாலை. மலரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடுகிறதா, என் கைதான் குளிர்ந்திருக்கிறதா? தெர்மோமீட்டரைக் காணோம்.