வைட்டமின் டப்பாவில் இருந்தது

காவ்யா கண்ணு,

ஆவடியிலிருந்து அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு நாங்கள் இருவரும் நலம், நீயும் ஸ்ரீராம் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனசுதான் ஒரு இடத்தில் உட்காரவில்லை, இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் கேஸை அணைத்தேனா என்று பார்த்துவிட்டேன். டாக்டர் உனக்குக் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை மாப்பிள்ளையிடம் இரும்புச்சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அன்றிலிருந்து இப்படித்தான். போனில் கேட்டால் அவர் பக்கத்தில் இருக்கிறார் என்று பேச்சை மாற்றுகிறாய்.

போன செவ்வாய்க்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன், அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பகலில் வீட்டில் இருந்தார். எதிர்வீட்டுப் புஷ்பா வாய்ப்புண்ணுக்கு பி-காம்ப்ளெக்ஸ் கேட்டு வந்திருக்கிறாள். அவரும் அலமாரியில் இருந்த வைட்டமின் டப்பாவிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில்தான் ஆறு வருஷமாக என் மனப்பதற்ற மாத்திரையைக் கொட்டி வைத்திருக்கிறேன், அது உனக்கு மட்டும்தானே தெரியும். குவார்ட்டர்ஸில் பைத்தியம் என்று பேர் வந்துவிடுமே என்று பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறார்கள், உள்ளே அவள் எழவில்லை. தாழ்ப்பாளை உடைத்து ஆட்டோவில் தூக்கிப் போனோம். டாக்டர் கேட்டதற்கு அப்பா வைட்டமின்தான் என்று அடித்துச் சொல்கிறார், நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு அது என் மாத்திரை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

புஷ்பா மறுநாளே தேறிவிட்டாள். நீ மாத்திர சாப்புட்றது தப்பில்லக்கா, டப்பாவ மாத்துன பாரு அதான் தப்பு, எம் புள்ளைங்களுக்குக் குட்த்திருந்தா இன்னா ஆயிருக்கும் என்று திட்டினாள். மாடி வீட்டுக்காரி மட்டும் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறாள், போகட்டும். இரண்டு நாள் கழித்து அப்பா, பக்கத்திலேயே இருந்தேனே, என்னிடம் சொல்ல உனக்கு என்ன பயம் என்று கேட்டார். அழுதுவிட்டேன். இப்போது மாத்திரையை அட்டையோடு மேசைமேல்தான் வைக்கிறோம்.

நீயும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு கண்ணு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே, பட்டினி கிடக்காதே. நீ தீர்க்காயுசாக, மனசு லேசாக இருக்க வேண்டும். வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடு. மாப்பிள்ளை, படித்துவிட்டு அவளைக் கோபிக்காதீர்கள், ஒளித்து வைக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

உன் அம்மா,
சுலோசனா தங்கராஜ்