எட்டாம் நம்பர் பஸ்

இன்று காலை ஆபீஸில் மேனேஜர் என் ப்ரோக்ராமைத் திரையில் காட்டி, இந்த எட்டு எதற்கு என்று கேட்டார். இனி டீமில் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் போட வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் மாற்றச் சொன்னார். சரி என்றேன். அது உன் ஊர் பஸ் என்று சொல்லவில்லை. சொன்னால் மட்டும் புரிந்துவிடவா போகிறது?

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் இன்னும் அழவில்லை. டர்ன்பைக் ஹைவேயில் கார் ஓட்டுகிறேன், மீட்டிங்கில் தலையாட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்கிறேன். உள்ளே மட்டும் பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது.

இங்கே எடிசன் நகரில் ஒரே அறையில் இருந்துகொண்டு நாம் படித்த மாஸ்டர்ஸை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. "பேங்க் வேலையாம்மா?" என்பார்கள். ஒரு பங்கின் விலை இனி எப்படியெல்லாம் போகலாம் என்று கம்ப்யூட்டரை ஆயிரமாயிரம் கோடுகள் தற்செயல் போக்கில் இழுக்கவைத்து, சராசரி பார்ப்போம். அந்தத் தற்செயலைத் தொடங்கிவைக்க ஓர் எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே கோடுகள் அச்சு மாறாமல் திரும்ப வரும். நீ எப்போதும் எட்டுதான் கொடுப்பாய்.

"ஈரோட்டுல என்ற ஊட்டுத் தெருவுல போற டவுன் பஸ்ஸு, புள்ள. அதுல போனா பரிச்சை பாஸு."

அந்த பஸ்ஸை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் நானும் எட்டையே போட ஆரம்பித்தேன். வந்தது வினை. தனித்தனியாக எழுதிக் கொடுத்த அசைன்மென்ட்டில் இருவர் விடையும் கடைசி தசமம் வரை ஒன்றாக இருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று புரொஃபசர் கூப்பிட்டுக் கேட்டார். காப்பி என்று முடிவானால் கோர்ஸை விட்டே அனுப்பிவிடுவார்கள். நீயோ நிதானமாக, "சார், இட்ஸ் எ பஸ்" என்றாய். ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக அந்த ரூட்டையே சொன்னாய். அவர் ஆளுக்கொரு எண் கொடுத்து ஓட்டச் சொன்னார். விடைகள் கொஞ்சம் விலகின. நம் ப்ரோக்ராம்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன்னுடையது அரைப் பக்கம், என்னுடையது வளவளவென்று நான்கு பக்கம். விட்டுவிட்டார். வெளியே வந்து, "இவ்ளோ நீளமா எழுதுனா எவன் பாத்து எழுதுவான்?" என்று என்னைத்தான் திட்டினாய்.

பிறகு உனக்கு வேலை கிடைத்தது, நோயும் வந்தது. கீமோ தொடங்கும் முன் டாக்டர் ஏதோ பெர்சென்டேஜ் சொன்னார். பார்க்கிங்கில் நான் அதையே பிடித்துக்கொண்டு, நல்ல நம்பர்தானே என்றேன்.

"அது ஆயிரம் பேருக்குச் சொல்றது, புள்ள. நான் ஒருத்திதான? எனக்கு ஒரே ஒரு கோடு." அடுத்த மூச்சில், "வெண்டைக்கா வாங்கணும், கடைக்கு விடு" என்றாய். நான் வண்டியைத் திருப்பினேன்.

சாயங்காலம் எட்டை எடுத்துவிட்டு அவர்கள் எண்ணைப் போட்டேன். கோடுகள் எல்லாம் மாறின, விடை மட்டும் மூன்றாவது தசமத்தில் லேசாக அசைந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய லேப்டாப்பைத் திறந்தேன். நம் அசைன்மென்ட் இரண்டும் அதில் அப்படியே இருக்கின்றன. எட்டைப் போட்டு முதலில் உன்னுடையதை ஓட்டினேன், பிறகு என்னுடையதை. கடைசி தசமம் வரை ஒரே விடை. எட்டை நானே வைத்துக்கொள்கிறேன். யார் யாரைப் பார்த்து எழுதியது என்று இனி எவராவது கேட்டால், அந்த பஸ் போகும் ரூட்டைச் சொல்ல நான் ஒருத்திதான் போக வேண்டும்.