ரோசாக் என்று அழித்த பாட்டுகள்

13.9.1997, சனி

மடிக்கணினி பிழைத்துக்கொண்டது. என் மனைவி மங்களத்தின் பாட்டுகள் போய்விட்டன.

தமிழர் நடத்தும் ரிப்பேர் கடை என்றுதான் புக்கிட் காத்திலில் இருந்து பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். கடைக்காரர் ரவி ஒரு டிஸ்கெட்டை நீட்டினார்.

"நல்லா இருந்த ஃபைல எல்லாம் இதுல போட்டுட்டேன் அங்கிள். மத்தது ரோசாக், கெட்டுப்போச்சு. தொறந்தா கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தும் கோடும்தான். அதான் ஃபார்மேட் பண்ணிட்டேன் லா."

"அது ரோசாக் இல்ல, தமிழ். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தமிழ் அப்பிடித்தான் தெரியும்."

அவர் முகம் செத்துவிட்டது. "சொல்லியிருக்கலாம் அங்கிள்" என்றார். கேட்டிருக்கலாம் என்றேன்.

டிஸ்கெட்டில் இருப்பவை கால்வாய் அடைப்பைப் பற்றி நகராட்சிக்கு நான் மலாய் மொழியில், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய புகார்கள். ஒன்றுகூடக் கெடவில்லை.

"அம்மா பாட்டு அவ்வளவும் போச்சா? ஃபாண்ட் டிஸ்கெட்ட அவருகிட்ட குடுத்தீங்களாப்பா?" என்று மகன் கேட்டான். தமிழன் கடையில் தமிழ் ஃபாண்ட் இருக்க வேண்டாமா?

செலண்டார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும்போது பெண்கள் பாடியவை அவை. படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் மங்களம் பாடப் பாட, ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தேன். வேறு யாருக்கும் அவை தெரியாது.

இப்போது பேனாவால் எழுதிப் பார்க்கிறேன். ஒரு பாட்டின் முதல் அடி வருகிறது. அதற்குப் பிறகு எந்தெந்த விசையைத் தேடினேன் என்பதுதான் ஞாபகத்தில் இருக்கிறது. அவள் பாடும்போது நான் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.