உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒரு டப்பா பவுடர்

என் உயிரான ரெஜினா அக்கா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உன் மேலும் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

எலும்புக்குப் பலம் என்று சொல்லி சூப்பர்வைசர் வனிதா கம்பெனி பஸ்ஸில் பவுடர் டப்பா விற்பாளே, இன்னும் விற்கிறாள். வாங்கினவளுக்கு லைனில் உட்கார்ந்து செய்கிற வேலை. வாங்காதவள் ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். ஒரகடம் ஃபேக்டரிக்குப் போகிற அந்த பஸ்ஸில் இது தெரியாதவர்கள் யார்?

கர்ப்பப்பையை எடுத்த பிறகு உன்னால் நிற்க முடியவில்லை. ஸ்டூலுக்காக வாங்கினாய், சரி. அதைக் குடிக்கவும் வேண்டுமா? கேட்டால், "துட்டு குடுத்து வாங்குனத கீழ கொட்ட சொல்றியா?" என்றாய். முதுகு வலித்தது, கூன் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்று எத்தனை முறை கெஞ்சினேன்! பவுடர்தான் குடிக்கிறேனே, என்ன அவசரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். கால்சியமும் வைட்டமின் டியும் குறைவாக இருந்தால் அளவு பார்த்துக் கொடுப்போம், ஆனால் இவ்வளவு தேய்ந்த எலும்புக்கு அது மட்டும் போதாது, வேறு மருந்து இருக்கிறது, முன்பே கூட்டி வந்திருக்கலாமே என்றார். ஆபரேஷன் ஆனது. படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டி, எங்களை விட்டுப் போய்விட்டாய்.

அடக்கத்துக்கு மாலையோடு வந்த வனிதா என்ன சொன்னாள் தெரியுமா? "ரெண்டு ஸ்பூனா போட்டு குட்ச்சிருந்தா பொழச்சிருப்பா." அன்று அவளை அறையாமல் விட்டது என் தப்பு.

உன் மகள் ஷீபா இப்போது எங்கள் லைனில்தான் இருக்கிறாள். நேற்று வனிதா அவளிடம் டப்பாவை நீட்டினாள். பிள்ளை பயந்துபோய்ப் பணம் எடுக்கப் பையைத் திறந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"எங்க அக்கா இத ஒரு நாள் வுடாம குட்ச்சா. ஒக்கார எடம் வோணும்னு வாங்கி குட்ச்சா. இடுப்பு ஒடஞ்சி செத்துட்டா. நாங்க வாங்க மாட்டோம்."

பின் சீட்டில் இருந்த ஒருத்தி, அப்போதுதான் வாங்கிய டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

இன்று எனக்கும் ஷீபாவுக்கும் அவளுக்கும், மூவருக்கும் நிற்கிற வேலை. கால் வீங்கிக் கிடக்கிறது. ஷீபா மட்டும், "பரவால்ல சித்தி" என்று சிரித்தாள்.

வார லீவில் நாங்கள் மூவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எலும்பைக் காட்டப்போகிறோம். அப்புறம் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வனிதா டப்பாவை எடுக்கிற ஒவ்வொரு நாளும் அந்த பஸ்ஸில் நீ எப்படிச் செத்தாய் என்று சொல்வேன். அவள் விற்பதை நிறுத்தும்வரை சொல்வேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கை,
ஸ்டெல்லா